மூளையின் ரத்தக் குழாய்க்கே மரபணு சிகிச்சை... கூரியராக மாறும் வைரஸ்! மனிதர்களுக்கு எப்போது வரும்?

ரத்தப் பரிசோதனையில் தைராய்டு ஹார்மோன் தாராளமாகவே இருக்கிறது. சில நேரம் தேவைக்கு மேலேயே இருக்கிறது. ஆனால் குழந்தைக்குக் கழுத்து நிற்கவில்லை, உட்கார முடியவில்லை, பேச்சும் வரவில்லை. காரணம், ரத்தத்தில் ஓடும் அந்த ஹார்மோன் மூளைக்குள் போதுமான அளவு போய்ச் சேரவே இல்லை.

ஆலன்-ஹெர்ன்டன்-டட்லி நோய் என்று இதற்குப் பெயர். பெரும்பாலும் ஆண் குழந்தைகளைத் தாக்கும் அரிய மரபணு நோய் இது. 1944-ல் முதன்முதலில் பதிவு செய்யப்பட்டது. இதற்குக் காரணமான மரபணு எது என்பது 2004-ல்தான் தெரியவந்தது. எம்சிடி8 என்ற புரதம் தைராய்டு ஹார்மோனை செல்லுக்குள் அனுப்பும் ஒரு கதவு மாதிரி. அந்தப் புரதத்தை உருவாக்கும் மரபணு பழுதாகும்போது இந்த நோய் வருகிறது. நம்மில் பலர் காலையில் வெறும் வயிற்றில் போடும் தைராய்டு மாத்திரை இங்கே உதவாது. ஏனென்றால் தட்டுப்பாடு ஹார்மோனில் இல்லை, கதவில்தான் கோளாறு.

2022-ல் ஜெர்மனியின் லூபெக் நகர ஆராய்ச்சியாளர்கள், இதே பழுது உள்ள எலிகளுக்கு ஒரு ஊசி போட்டார்கள். உள்ளே இருந்தது, நல்ல எம்சிடி8 மரபணுவைச் சுமந்த வைரஸ். அந்த வைரஸின் இலக்கு மூளையின் நரம்பு செல்கள் இல்லை. மூளைக்குள் ஓடும் ரத்தக் குழாய்களின் உட்சுவரில் இருக்கும் செல்கள். அந்தச் சுவரில் புதிய கதவுகள் முளைத்தன. மூளையில் தைராய்டு ஹார்மோனின் அளவு உயர்ந்தது. எலிகளின் உடல் அசைவு ஒருங்கிணைப்பும் நீண்ட காலத்துக்கு மேம்பட்டது.

மூளைக்கு மருந்து கொண்டுபோகத் தடையாக இருக்கும் சுவரையே சிகிச்சையின் இலக்காக மாற்றும் முயற்சி இது. எப்படி வேலை செய்கிறது? யாருக்குப் பயன்படும்? எலியில் வென்றது மனிதர்களிடம் ஏன் இன்னும் வரவில்லை? விரிவாகப் பார்ப்போம்.

மூளையைச் சுற்றி என்ன சுவர்?

1885-ல் ஜெர்மன் விஞ்ஞானி பால் எர்லிக், விலங்குகளின் ரத்தத்தில் சாயம் செலுத்திப் பார்த்தார். உடலின் மற்ற உறுப்புகள் எல்லாம் நிறம் மாறின. மூளை மட்டும் அப்படியே இருந்தது. 1913-ல் அவரது மாணவர் எட்வின் கோல்ட்மன் சாயத்தை ரத்தத்தில் செலுத்தாமல், மூளையைச் சுற்றியுள்ள திரவத்தில் நேரடியாகச் செலுத்தினார். இந்த முறை மூளை நிறம் மாறியது, மற்ற உறுப்புகள் மாறவில்லை. ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே ஏதோ ஒரு தடுப்பு இருக்கிறது என்பது இதில் புரிந்தது. அதைத்தான் 'ரத்த-மூளைத் தடுப்பு' என்கிறார்கள்.

சுவர் என்றவுடன் மூளையைச் சுற்றி ஒரு உறை இருப்பதாக நினைக்க வேண்டாம். மூளைக்குள் ஓடும் ஒவ்வொரு மெல்லிய ரத்தக் குழாயின் உட்சுவர்தான் அந்தத் தடுப்பு. மனித மூளையில் உள்ள நுண் ரத்தக் குழாய்களை நூல் மாதிரி நீட்டி வைத்தால் சுமார் 600 கிலோமீட்டர் வரும் என்பது கணக்கு. சென்னையில் இருந்து திருநெல்வேலிக்குப் போகிற தூரம். இத்தனை நீளத்துக்கும் உட்சுவரின் தடிமன் ஒரே ஒரு செல்தான்.

எண்டோதீலியல் செல்கள் என்று அழைக்கப்படும் இவை, உடலின் மற்ற பகுதிகளிலும் இருக்கின்றன. ஆனால் அங்கே செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே இடைவெளி உண்டு. மூளையில் அந்த இடைவெளி இறுக்கமாக அடைக்கப்பட்டிருக்கும். கிருமி, நச்சு எதுவும் எளிதில் நுழைய முடியாது. பெரும்பாலான மருந்துகளும் நுழைய முடியாது என்பதுதான் பிரச்னை.

அப்போ மூளைக்குச் சாப்பாடு? அதற்குத் தனித்தனி கதவுகள் இருக்கின்றன. குளுக்கோஸுக்கு க்ளூட்1 என்ற கதவு. தைராய்டு ஹார்மோனுக்கு எம்சிடி8. இரும்புச்சத்துக்கு டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி. இந்தக் கதவுகளில் ஒன்று பிறவியிலேயே பழுதானால், ரத்தத்தில் எல்லாம் இருந்தும் மூளை பட்டினி கிடக்கும்.

வைரஸ் எப்படி கூரியர் ஆகிறது?

மரபணுவை அப்படியே ரத்தத்தில் கலந்துவிட்டால் செல்லுக்குள் போகாது, வழியிலேயே சிதைந்துவிடும். செல்லுக்குள் நுழைவதில் கைதேர்ந்தது வைரஸ். அதனால் வைரஸின் சொந்த மரபணுக்களை நீக்கிவிட்டு, தேவையான மரபணுவை அதன் ஓட்டுக்குள் வைத்து அனுப்புகிறார்கள். உள்ளே நுழையும் திறன் மட்டும் மிஞ்சும், பெருகும் திறன் இருக்காது.

இதற்கு அதிகம் பயன்படுவது 'அடினோ-அசோசியேட்டட் வைரஸ்', சுருக்கமாக ஏஏவி. 1965-ல் வேறொரு வைரஸை ஆய்வு செய்தபோது, அதோடு ஒட்டிக்கொண்டு வந்ததாகக் கண்டுபிடிக்கப்பட்டது. இதன் அளவு சுமார் 25 நானோமீட்டர். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய 3 ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதர்களுக்கு இதனால் குறிப்பிட்ட நோய் எதுவும் வருவதாகத் தெரியவில்லை என்பது இதன் பெரிய பலம்.

குறையும் உண்டு. இந்தக் கூரியர் பை ரொம்பச் சிறியது. சுமார் 4,700 எழுத்துகள் நீளமுள்ள மரபணுத் தொகுப்பு மட்டுமே உள்ளே கொள்ளும். அதைவிடப் பெரிய மரபணுவை ஒரே பையில் அனுப்ப முடியாது.

'16 கோடி ரூபாய் ஊசி'யும் இதே வைரஸ்தான்

2021-ல் தமிழ்நாட்டில் ஒரு குழந்தைக்காக மக்கள் சேர்ந்து நிதி திரட்டியது பலருக்கும் நினைவிருக்கும். முதுகெலும்புத் தசைச் சிதைவு நோய்க்கான 'சோல்ஜென்ஸ்மா' ஊசி அது. அதில் இருப்பது ஏஏவி9 என்ற வகை வைரஸ். ரத்தத்தில் செலுத்தினால் ஏஏவி9 ஓரளவு மூளைத் தடுப்பைத் தாண்டுகிறது என்பதை 2009-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாகாண ஆராய்ச்சியாளர்கள் எலிக்குட்டிகளில் காட்டினார்கள். பத்து ஆண்டுகளில், 2019 மே மாதம், 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அமெரிக்காவின் எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. அங்கே அறிவிக்கப்பட்ட விலை 21.25 லட்சம் டாலர்.

ஆனால் ஏஏவி9 நேராக மூளைக்குப் போவதில்லை. ரத்தத்தில் செலுத்தப்படுவதில் பெரும்பகுதி கல்லீரலில் போய்த் தங்கிவிடும். மீதி கொஞ்சம்தான் நரம்பு மண்டலத்தை எட்டும். அந்தக் கொஞ்சத்துக்காக, குழந்தையின் ஒவ்வொரு கிலோ எடைக்கும் சுமார் 110 லட்சம் கோடி வைரஸ் பிரதிகள் செலுத்த வேண்டியிருக்கிறது. செலவும் பக்கவிளைவும் கூடுவதற்கு இந்த அளவு ஒரு முக்கியக் காரணம்.

தாண்ட வேண்டாம், சுவருக்கே கொடுப்போம்!

இங்கேதான் புதிய யோசனை வருகிறது. ரத்தத்தில் போகும் வைரஸ் மூளையில் முதலில் தொடுவது ரத்தக் குழாயின் உட்சுவர் செல்லைத்தான். அதையே இலக்காக வைத்தால் எதையும் தாண்ட வேண்டியதில்லை. இதில் இரண்டு பயன்கள் இருக்கின்றன.

ஒன்று, பழுதை அது இருக்கும் இடத்திலேயே சரிசெய்வது. எம்சிடி8 மாதிரியான கதவுப் பழுதுகள் இந்த வகை.

இரண்டு, சுவரையே தொழிற்சாலையாக்குவது. மூளைக்குத் தேவையான ஒரு புரதத்தைத் தயாரிக்கும் மரபணுவைச் சுவர் செல்லுக்குக் கொடுத்துவிட்டால், அது உள்ளிருந்தபடியே தயாரித்து மூளைக்குள் விடும். மூளையில் அநேகமாக எல்லா நரம்பு செல்களுக்கும் பக்கத்தில் ஏதாவது ஒரு நுண் ரத்தக் குழாய் இருக்கிறது. அதனால் விநியோகமும் எளிது.

இதுவரை என்ன நடந்திருக்கிறது?

* 2009: அமெரிக்காவில் பெவர்லி டேவிட்சன் குழு, மூளை ரத்தக் குழாயில் ஒட்டும் சிறு புரதத் துண்டுகளைக் கண்டுபிடித்து ஏஏவியின் ஓட்டில் பொருத்தியது. நொதிக் குறைபாடு உள்ள எலிகளின் ரத்தக் குழாய் செல்கள், குறைந்திருந்த நொதியைத் தயாரித்து மூளைக்குக் கொடுக்க ஆரம்பித்தன.

* 2016: ஜெர்மனியின் ஹாம்பர்க், லூபெக் ஆராய்ச்சியாளர்கள் 'ஏஏவி-பிஆர்1' என்ற வைரஸை அறிமுகப்படுத்தினார்கள். எலியின் மூளை ரத்தக் குழாய் செல்களைத் தேடிப்போகும் வைரஸ் இது. நீமோ என்ற மரபணு பழுதானால் மூளையின் நுண் ரத்தக் குழாய்கள் அழிந்து வலிப்பு வரும். அந்தப் பாதிப்பை இதன் மூலம் எலிகளில் குறைத்துக் காட்டினார்கள். மேலே சொன்ன தைராய்டு ஆய்விலும் இதே வைரஸ்தான் பயன்பட்டது.

* 2022: அமெரிக்காவின் ஹார்வர்டு, பிராட் ஆய்வு நிறுவனக் குழுக்கள் 'ஏஏவி-பிஐ30' என்ற வகையை வெளியிட்டன. எலியின் மூளை, முதுகுத்தண்டு, விழித்திரை என மத்திய நரம்பு மண்டலம் முழுக்க உள்ள ரத்தக் குழாய் செல்களில் பெரும்பாலானவற்றை இது எட்டியது.

* 2023: கால்டெக் நிறுவனத்தின் விவியானா கிராடினாரு குழு 'ஏஏவி-எக்ஸ்1' என்ற வகையைக் கொண்டுவந்தது. நரம்பு இணைப்புகள் உருவாக உதவும் ஹெவின் என்ற புரதம் இல்லாத எலிகளின் ரத்தக் குழாய் செல்களை, அந்தப் புரதத்தைத் தயாரிக்க வைத்தார்கள். குறைந்திருந்த நரம்பு இணைப்புகள் மீண்டன. தொழிற்சாலை யோசனை எலியில் வேலை செய்கிறது என்பதற்கு இது நல்ல சான்று.

இந்த வைரஸ்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? ஒரு போட்டி வைத்துத்தான். வைரஸின் ஓட்டில் ஏழு அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டைச் சேர்ப்பார்கள். வரிசையை மாற்றி மாற்றி லட்சக்கணக்கான ரகங்கள் தயாராகும். எல்லாவற்றையும் கலந்து எலிக்குச் செலுத்துவார்கள். எவை மூளை ரத்தக் குழாயில் போய் நின்றன என்று பார்த்து, அவற்றை மட்டும் எடுத்து அடுத்த சுற்றுக்கு அனுப்புவார்கள். சில சுற்றுகளில் வெற்றியாளர் கிடைத்துவிடும்.

சிக்கல் எங்கே? எலிக்குச் செய்த சாவி!

போட்டி நடப்பது எலிக்குள். அதனால் ஜெயிப்பதும் எலிக்குப் பொருந்தும் சாவிதான்.

இதைப் புரியவைத்த சம்பவம் ஒன்று உண்டு. 2016-ல் கால்டெக் ஆராய்ச்சியாளர்கள் 'ஏஏவி-பிஹெச்பி.பி' என்ற வைரஸை வெளியிட்டார்கள். ஏஏவி9-ஐ விடக் குறைந்தது 40 மடங்கு அதிகமாக எலியின் மூளைக்குள் மரபணுவைக் கொண்டுபோனது. துறையே உற்சாகமானது. ஆனால் வேறு இன எலிகளில் சோதித்தால் அந்த வேகம் இல்லை. குரங்குகளிலும் இல்லை.

ஏன்? 2019-ல் விடை கிடைத்தது. அந்த வைரஸ் எலியின் மூளை ரத்தக் குழாய் செல்லின் மேல் உள்ள எல்ஒய்6ஏ என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகிறது. சில எலி இனங்களில் அந்தப் புரதம் வேறு மாதிரி இருக்கிறது. மனிதர்களுக்கோ அந்தப் புரதமே கிடையாது. சாவி இருக்கிறது, பூட்டு இல்லை.

எக்ஸ்1 வைரஸின் கதை வேறு மாதிரி. பல இன எலிகளிலும் பெருச்சாளி வகை எலிகளிலும் அது ரத்தக் குழாய் செல்லை மட்டும் குறிவைத்தது. குரங்குகளுக்குச் செலுத்தியபோது மூளைக்குள் நன்றாகவே போனது. ஆனால் ரத்தக் குழாயில் நிற்காமல், நரம்பு செல்களுக்கும் அவற்றுக்குத் துணையான செல்களுக்கும் போய்விட்டது. விலாசம் ஒன்றுதான், விலங்கு மாறினால் வீடு மாறிவிடுகிறது.

அதனால் இப்போது வேலை தலைகீழாக நடக்கிறது. முதலில் வைரஸைத் தேடாமல், மனித மூளை ரத்தக் குழாயில் நிச்சயமாக இருக்கும் ஒரு பூட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிறகு அதற்கு ஏற்ற சாவியைச் செய்கிறார்கள். 2024-ல் பிராட் நிறுவனத்தின் பென் டெவர்மன் குழு, மனித டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியைப் பிடிக்கும் ஏஏவியை உருவாக்கி, அந்த மனிதப் புரதம் இருக்கும்படி மாற்றப்பட்ட எலிகளில் சோதித்தது. மூளை முழுக்க மரபணு சென்றது. ஆனால் இது சுவரைத் தாண்டி உள்ளே போகும் ரகம். சுவரிலேயே நின்று வேலை செய்யும் ரகத்துக்கு, மனிதர்களில் நிரூபிக்கப்பட்ட சாவி இன்னும் வரவில்லை.

ஆபத்துகள் என்னென்ன?

மரபணு சிகிச்சைத் துறை உயிர்களை இழந்து பாடம் கற்ற துறை. 1999-ல் அமெரிக்காவில் வேறொரு வகை வைரஸ் செலுத்தப்பட்ட 18 வயது இளைஞர் உயிரிழந்தார். 2020-லும் 2021-லும், அரிய தசை நோய்க்கு ஏஏவி கொடுத்த ஒரு பரிசோதனையில் நான்கு சிறுவர்கள் இறந்தார்கள். 2022-ல் சோல்ஜென்ஸ்மா பெற்ற இரண்டு குழந்தைகள் கல்லீரல் செயலிழப்பால் இறந்ததாகத் தகவல் வெளியானது. 2025-ல், மூளைக்குள் போவதற்காகவே மாற்றியமைத்த ஏஏவியைப் பெற்ற ஒரு குழந்தை, அமெரிக்கப் பரிசோதனையில் உயிரிழந்தது.

ரத்தக் குழாய் செல்களைக் குறிவைப்பதில் இன்னொரு கவலையும் சேர்கிறது. வைரஸ் புகுந்த செல்களை உடலின் நோய் எதிர்ப்பு சக்தி எதிரி என்று நினைத்துத் தாக்கினால், சேதமாவது மூளையின் தடுப்புச் சுவர். அது கசிய ஆரம்பித்தால் மூளை வீக்கம், ரத்தக்கசிவு வரை போகலாம்.

தவிர, இது கிட்டத்தட்ட ஒரே ஒரு வாய்ப்பு. ஒருமுறை ஏஏவி செலுத்தினால் உடல் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும், அடுத்த முறை எதிர்ப்புப் புரதங்கள் வழியிலேயே மடக்கிவிடும். இயற்கையாகவே ஏஏவி தொற்று வந்துபோன பலருக்கு அந்த எதிர்ப்பு ஏற்கெனவே இருக்கிறது. அவர்களுக்கு முதல் ஊசியே பலன் தராமல் போகலாம்.

யாருக்கெல்லாம் பயன்படலாம்?

முதல் வரிசையில் இருப்பவை ரத்தக் குழாய் செல்லிலேயே பழுது உள்ள நோய்கள். எம்சிடி8 குறைபாடு, க்ளூட்1 குறைபாடு, நீமோ மரபணுப் பழுதால் வரும் நோய் ஆகியவை இதில் அடங்கும். மூளையில் நுண் ரத்தக் குழாய்கள் திராட்சைக் கொத்து மாதிரி வீங்கி, ரத்தம் கசியும் 'கேவர்னஸ் மால்ஃபார்மேஷன்' நோயும் இந்தச் செல்களில்தான் தொடங்குகிறது. அடுத்த வரிசையில், மூளைக்கு நொதி கிடைக்காத பிறவி நோய்கள். பக்கவாதம், அல்சைமர் போன்றவற்றிலும் இந்தச் சுவர் பலவீனமாகிறது என்பதால் அவற்றையும் ஆராய்கிறார்கள். ஆனால் அது தூரத்து இலக்கு.

இந்தியாவில் நிலைமை என்ன?

வைரஸைக் கூரியராகப் பயன்படுத்தும் சிகிச்சை இங்கே புதிதல்ல. வேலூரில் ஹீமோஃபீலியா ஏ நோயாளிகள் ஐந்து பேருக்கு, லென்டி வைரஸ் மூலம் மரபணு மாற்றிய ஸ்டெம் செல்கள் செலுத்தப்பட்டன. சிகிச்சைக்குப் பிறகு அவர்களுக்கு ரத்தக்கசிவு ஏற்படவில்லை என்று 2024 டிசம்பரில் ஆய்வு முடிவு வெளியானது. செல்களை வெளியே எடுத்து மாற்றித் திருப்பிச் செலுத்தும் முறை அது. மூளைக்குப் போகும் ஏஏவி வேறு பாதை. இருந்தாலும், இந்தத் துறைக்கான மருத்துவ அனுபவம் தமிழ்நாட்டில் இருக்கிறது என்பதை அது காட்டியது.

பெரிய கேள்வி விலைதான். மத்திய அரசின் 2021 அரிய நோய்கள் கொள்கையின் கீழ் ஒரு நோயாளிக்கான உதவித் தொகை, 2022-ல் 50 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. 16 கோடி ரூபாய் ஊசிக்கு முன்னால் அது எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. மூளை ரத்தக் குழாயை மட்டும் சரியாகக் குறிவைக்கும் வைரஸ் வந்தால், குறைந்த அளவே போதும். அளவு குறைந்தால் தயாரிப்புச் செலவும் கல்லீரலுக்கான ஆபத்தும் குறையும். அதனால்தான் சரியான சாவியைத் தேடும் வேலைக்கு இவ்வளவு முக்கியத்துவம்.

பெற்றோர் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

'மூளை நோயை விரட்டும் ஒரே ஊசி' என்று ஃபார்வர்டு வந்தால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். எந்த விலங்கில் சோதித்தார்கள்? எந்தச் செல்லுக்குப் போனது? எந்த வயதில் கொடுத்தார்கள்? எலியில் மட்டும் என்றால், மனிதர்களுக்கு வருவதற்குள் பல கட்டங்கள் பாக்கி இருக்கின்றன. மூளை ரத்தக் குழாய் செல்லைக் குறிவைக்கும் மரபணு மருந்து எதுவும் மருத்துவமனைப் பயன்பாட்டுக்கு இன்னும் அனுமதி பெறவில்லை. 'இப்போதே கிடைக்கும்' என்று யாராவது பணம் கேட்டால் உஷாராக இருக்க வேண்டும்.

அதற்காக, இன்றைக்கு எதுவுமே இல்லை என்று அர்த்தமில்லை. எம்சிடி8 குறைபாட்டில், கூடுதல் ஹார்மோனால் உடலின் மற்ற பாகங்களுக்கு வரும் பாதிப்பைக் குறைக்க டிராட்ரிகால் என்ற மருந்துக்கு 2025-ல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதி கொடுத்திருக்கிறது. மூளைப் பாதிப்புக்கு அது தீர்வாகாது.

க்ளூட்1 குறைபாட்டுக்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது. குளுக்கோஸ் கதவு பழுதானதால் மூளை பட்டினி கிடக்கும் நோய் அது. கொழுப்பு அதிகமாகவும் மாவுச்சத்து மிகக் குறைவாகவும் உள்ள கீட்டோஜெனிக் உணவைக் கொடுத்தால், உடல் கீட்டோன்களைத் தயாரிக்கும். கீட்டோன்கள் வேறொரு கதவு வழியாக மூளைக்குள் போய் எரிபொருளாகும். பல குழந்தைகளுக்கு வலிப்பு குறைகிறது. ஆனால் இதை வீட்டில் தானாக ஆரம்பிக்கக் கூடாது, நரம்பியல் மருத்துவர், உணவியல் நிபுணர் கண்காணிப்பு கட்டாயம்.

மருந்துக்கு அடங்காத வலிப்பு கைக்குழந்தையிலேயே தொடங்கினால், ரத்தச் சர்க்கரையோடு முதுகுத்தண்டு நீரில் உள்ள சர்க்கரை அளவையும் பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ரத்தத்தில் இயல்பாகவும் அங்கே குறைவாகவும் இருந்தால் க்ளூட்1 குறைபாடாக இருக்கலாம், மரபணுப் பரிசோதனையில் உறுதி செய்யலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால், வளரும் மூளைக்குத் தேவையான எரிபொருளைச் சீக்கிரமே கொடுக்கத் தொடங்கலாம்.